பன்றி திருடிய ஜான் கெல்லி: டப்ளின் முதல் அவெனெல் வரை

டப்ளின், திங்கட்கிழமை

ஆஸ்திரேலியாவில் கொள்ளைக்காரர் நெட் கெல்லியின் பெயர் தெரியாத பள்ளிப் பிள்ளை கிடையாது. இரும்புக் கவசம் மாட்டிக்கொண்டு போலீஸோடு மோதி, 1880 நவம்பர் 11 அன்று மெல்பர்ன் சிறையில் தூக்கிலிடப்பட்டவர். அவரைப் பற்றி ஏகப்பட்ட பேர் எழுதிவிட்டார்கள். நான் தேடிப் புறப்பட்டிருப்பது அவருடைய அப்பாவை. பெயர் ஜான் கெல்லி. அயர்லாந்தின் டிப்பரேரி மாவட்டத்துக்காரர். இரண்டு பன்றிகளைத் திருடிய குற்றத்துக்காக 1841இல் ஏழு வருஷத் தீவாந்திர தண்டனை விதித்து, அப்போது வான் டீமன்ஸ் லேண்ட் என்று பெயர் பெற்றிருந்த டாஸ்மேனியாவுக்கு அவரைக் கப்பலேற்றினார்கள்.

அவர் வாழ்க்கையில் நமக்குத் தெரிந்ததெல்லாம் யாரோ எழுத்தர்கள் கடமைக்கு எழுதிவைத்தவை. அந்த ஏடுகள் எந்த ஊர்களில் இருக்கின்றனவோ அந்த ஊர்களுக்கு வரிசையாகப் போவதும், அவர் நடந்த மண்ணைப் பார்ப்பதும்தான் திட்டம். அன்றன்றைக்கு நடந்ததை அன்றிரவே எழுதிப் போடுகிறேன்.

முதலில் பிஷப் தெருவிலுள்ள அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகம். முன்பு ஜேக்கப்ஸ் பிஸ்கட் தொழிற்சாலை இருந்த இடம். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து நடந்த 1916 எழுச்சியின்போது கிளர்ச்சியாளர்கள் பிடித்துவைத்திருந்த கட்டடங்களில் அதுவும் ஒன்று. இப்போது அமைதியான வாசிப்பறை. வாசகர் அட்டை இலவசமாகத் தருகிறார்கள்.

அயர்லாந்தில் பழைய ஆவணம் தேடுகிற யாரும் 1922 ஜூன் 30ஐ நினைக்காமல் இருக்க முடியாது. உள்நாட்டுப் போரில் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகம் தீப்பிடித்து வெடித்தபோது, அங்கிருந்த பொது ஆவண அலுவலகமும் போய்விட்டது. எரிந்த காகிதத் துண்டுகள் நகரமெங்கும் பறந்து விழுந்தன. 1821 முதல் 1851 வரை எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளில் பெரும்பகுதி அன்றே சாம்பலானது. 1841இல் அயர்லாந்தில் ஏறத்தாழ 82 லட்சம் பேர் வாழ்ந்தார்கள் என்ற மொத்தக் கணக்கு இருக்கிறது. ஆனால் எந்தக் குடிசையில் யார் இருந்தார் என்று சொல்லும் பக்கங்கள் பெரும்பாலும் இல்லை.

கைதிகளின் காகிதங்களில் பெரும்பகுதி மட்டும் தப்பியது. டப்ளின் கோட்டையில் வேறொரு அலுவலகத்தில் அவற்றை வைத்திருந்தார்கள். 1836க்கு முந்தைய நாடுகடத்தல் பதிவேடுகள் அழிந்துவிட்டன. அதற்குப் பிந்தையவை இருக்கின்றன. கைதிகளும் அவர்களுடைய மனைவிமாரும் தாய்மாரும் அரசுக்கு எழுதிய கருணை மனுக்களும் இருக்கின்றன. கெல்லிக்குத் தண்டனை கிடைத்தது 1841இல் என்பதால் நமக்கு அதிர்ஷ்டம்.

பதிவேடு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை: பெயர், வயது, விசாரணை நடந்த இடம், தேதி, குற்றம், தண்டனை. மைக்ரோஃபிலிம் சுருளை உருட்டிக்கொண்டே போனால் வரிசையாக வருவது ஆடு, மாடு, துணி, ஓட்ஸ், மறுபடியும் ஆடு. கெல்லி என்பது அயர்லாந்தில் மர்ஃபிக்கு அடுத்தபடியாக அதிகம் பேர் வைத்திருக்கும் குடும்பப் பெயர். ஜானும் அப்படித்தான். அதனால் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் வழி தவறிவிடும். நம் ஆளுக்கு அடையாளம் இதுதான்: காஷெல் ஊர் நீதிமன்றம், 1841 ஜனவரி 1, ஏழு வருஷம். கூடவே கப்பல் பெயரும் பொருந்த வேண்டும். இந்த விவரங்கள் ஒன்றாக அமைந்தால்தான் அது அவர்.

புத்தாண்டு அன்றே தீர்ப்பு. அதைப் பார்த்த பிறகு வேறு சுருள் எடுக்க மனம் வரவில்லை. காப்பகம் மூடும்வரை அந்தக் காலத்து டிப்பரேரி பற்றியே படித்துக்கொண்டிருந்தேன்.

டப்ளின், செவ்வாய்

காலையில் உள்ளூர் ரயிலில் டன் லேரி. வெள்ளைக்காரன் ஆட்சியில் இதன் பெயர் கிங்ஸ்டவுன். டப்ளினிலிருந்து போன கைதிக் கப்பல்கள் பல இந்தத் துறைமுகத்தில்தான் ஆட்களை ஏற்றின. நீளமான இரண்டு கருங்கல் அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் போகின்றன. இப்போது அவற்றின் மேல் மக்கள் நாய்களோடு நடைப்பயிற்சி செய்கிறார்கள். அயர்லாந்திலிருந்து நேராக ஆஸ்திரேலியாவுக்குப் போன முதல் கைதிக் கப்பல் குவீன், 1791இல் கார்க் துறையிலிருந்து கிளம்பியது. அதிலிருந்து அறுபது ஆண்டுகளுக்கும் மேல் இந்த அனுப்புதல் ஓயவில்லை. மொத்தம் ஏறத்தாழ 40,000 பேர். கெல்லி ஏறிய பிரின்ஸ் ரீஜென்ட் 1841 ஆகஸ்டில் பாய் விரித்தது.

மாலையில் நகருக்குள் கஸ்டம் ஹவுஸ் கரை. ரோவன் கில்லெஸ்பி வடித்த பஞ்சச் சிலைகள் அங்கே நிற்கின்றன. எலும்பும் தோலுமாக ஒரு கூட்டம் கப்பலை நோக்கி நடக்கிறது. ஒருவர் தோளில் பிள்ளை துவண்டு கிடக்கிறது. 1845இல் உருளைக்கிழங்கு அழுகத் தொடங்கியபோது கெல்லி இந்த நாட்டில் இல்லை. அந்தப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதற்கும் அதிகமானோர் நாட்டைவிட்டு ஓடினார்கள். தண்டனை அவரைப் பஞ்சத்திலிருந்து காப்பாற்றியது என்று சிலர் எழுதுவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அம்மா அப்பா உடன்பிறந்தவர்கள் எல்லோரும் இங்கேதான் இருந்தார்கள். சங்கிலி பூட்டி அனுப்பியவர்கள் கருணையால் அனுப்பவில்லை.

காஷெல், புதன்

கார்க் போகும் பேருந்து வழியில் காஷெலில் நிற்கிறது. இறங்கினதுமே குன்றின்மேல் பழைய மன்னர்களின் கோட்டையும் இடிந்த பேராலயமும் கண்ணில் படுகின்றன. சுற்றுலாக்காரர்கள் எல்லோரும் அங்கே ஏறினார்கள். நான் வாடகைக் காரில் கிழக்கே, மொய்கிளாஸுக்குப் போனேன்.

மொய்கிளாஸ் சின்னஞ்சிறு ஊர். ஒரு கோயில், சில வீடுகள். சுற்றிலும் பச்சை வயல், கல் வேலி, தூரத்தில் ஸ்லீவ்னமான் மலை. பக்கத்துக் கிளான்பிரோகனில்தான் தாமஸ் கெல்லிக்கும் மேரி கோடிக்கும் மகனாக ஜான் பிறந்தார். 1820இல் ஞானஸ்நானம். இந்தப் பங்குக் கோயில் ஏடுகளை எல்லாம் தேசிய நூலகம் 2015இல் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டது. வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம். ஆனாலும் இந்த வரப்பில் நிற்பது வேறு அனுபவம். நல்ல மண் இது. கொழுத்த மாடுகள் மேய்கின்றன. இவ்வளவு செழிப்பான பூமியில் ஜனங்கள் வாடகை கட்ட வழியில்லாமல் திண்டாடினார்கள் என்பதை நேரில் பார்க்கும்போது கோபம் வருகிறது. நிலம் ஜமீன்தார்களுடையது. உழுதவனுக்குக் குத்தகைதான். பெரும்பாலான குடிசைகளில் உருளைக்கிழங்கைத் தின்றுவிட்டு, வளர்த்த பன்றியை விற்றுக் குத்தகை கட்டுவார்கள். பன்றி போனால் குத்தகை போயிற்று, குத்தகை போனால் வீடே போகலாம்.

அதனால்தான் இரண்டு பன்றி என்பதைச் சில்லறைத் திருட்டாகச் சொல்ல எனக்கு மனமில்லை. 1840 டிசம்பரில் ஜேம்ஸ் கூனி என்பவர் இழந்த அந்த இரண்டு பன்றிகளின் மதிப்பு சுமார் ஆறு பவுண்டு. கூலிக்காரருக்கு அது மாதக்கணக்கான உழைப்பு. திருடியவரும் ஏழை, பறிகொடுத்தவரும் பெரிய மனிதராகத் தெரியவில்லை. ஏழு வருஷம் கடல் கடத்தியதில் கூனிக்கும் என்ன லாபம்?

குடும்பக் கதைகளில் ஜான் கெல்லி தேசபக்தர், ஜமீன்தாரை எதிர்த்தவர் என்றெல்லாம் பின்னாளில் சொல்லப்பட்டது. ஏடு அப்படிச் சொல்லவில்லை. டிப்பரேரி போலீஸ் காகிதங்களைப் புரட்டியவர்கள் இன்னொரு கேள்வியையும் கிளப்பியிருக்கிறார்கள்: அதற்கு முன் நடந்த ஒரு மாட்டுத் திருட்டில் கூட்டாளியைப் பற்றிப் போலீஸுக்குத் தகவல் கொடுத்தவர் இவர்தானா என்று. இன்றுவரை அடங்காத விவாதம். அயர்லாந்தில் காட்டிக்கொடுத்தவன் என்பதைவிடக் கேவலமான பட்டம் இல்லை. அந்தப் பட்டத்தை ஒருவர் தலையில் கட்டுவதற்குமுன், இருபது வயதில் போலீஸ் நிலையத்தில் தனியாக நின்ற ஏழைப் பையனுக்கு வேறு என்ன வழி இருந்தது என்றும் கேட்க வேண்டும்.

கோயில் பக்கத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த பெரியவர் எங்கிருந்து வருகிறேன் என்று விசாரித்தார். சொன்னேன். "ஆஸ்திரேலியாவிலிருந்துதான் நிறைய பேர் வருவார்கள். சென்னையிலிருந்து வந்து நான் பார்த்ததில்லை" என்றார். பிறகு வெட்டுவதை நிறுத்திவிட்டு, கிளான்பிரோகன் போகும் சாலையைத் திருப்பம் திருப்பமாக விளக்கினார்.

ஹோபார்ட், ஞாயிறு

விமானத்தில் வந்ததற்கே உடம்பு கெஞ்சுகிறது. பிரின்ஸ் ரீஜென்ட் இந்தத் தூரத்தை ஏறக்குறைய ஐந்து மாதத்தில் கடந்து 1842 ஜனவரி 2 அன்று ஹோபார்ட் வந்தது. இங்கே அது கோடை நடு.

இன்று துறைமுகத்தைச் சுற்றி நடந்ததோடு சரி. ஹன்டர் தெரு முன்பு சின்னத் தீவாக இருந்தது. தொடக்கக் காலக் கைதிகள் அந்தப் பக்கம்தான் கரையேறினார்கள். கொஞ்ச தூரத்தில் கப்பலிலிருந்து இறங்கும் பெண்களும் ஒரு குழந்தையுமாகச் சில வெண்கலச் சிலைகள். அருகில் போய்ப் படித்தால் அதே ரோவன் கில்லெஸ்பி! 2017இல் அயர்லாந்து ஜனாதிபதி மைக்கேல் ஹிக்கின்ஸ் திறந்துவைத்தவை. டப்ளின் கரையில் கிளம்புகிறவர்களைச் செய்த அதே கை, இங்கே வந்திறங்குகிறவர்களைச் செய்திருக்கிறது. முன்பே படிக்காமல் வந்ததால் சட்டென்று நின்றுவிட்டேன்.

ஹோபார்ட், திங்கள்

இந்தப் பயணத்தில் நான் அதிகம் காத்திருந்த நாள். மரி தெருவிலுள்ள நூலகக் கட்டடத்தில்தான் டாஸ்மேனிய ஆவணக் காப்பகம். ஏறத்தாழ 75,000 கைதிகளை இந்தத் தீவுக்கு அனுப்பினார்கள். அவர்களைப் பற்றிய ஏடுகள் இங்கே இருக்கின்றன. ஆஸ்திரேலியக் கைதி ஆவணங்களை யுனெஸ்கோ 2007இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஏன் என்று ஒரு பக்கத்தைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

கப்பல் வந்ததும் கைதிகளை உடனே இறக்கிவிட மாட்டார்கள். எழுத்தர் ஏறிவந்து ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேள்வி கேட்பார். தொழில் என்ன, உயரம் எவ்வளவு, வயது, மதம், எழுதப் படிக்கத் தெரியுமா. அப்புறம் அங்க அடையாளங்கள்: நிறம், தலை, முடி, மீசை, முகம், நெற்றி, புருவம், கண், மூக்கு, வாய், தாடை. பச்சை குத்தியிருந்தால் அதுவும், தழும்பு இருந்தால் எந்தப் பக்கம் என்பதும். தப்பி ஓடினால் பிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும். ஆனால் புகைப்படம் பரவாத அந்தக் காலத்தில் ஓர் ஏழையின் முகத்தை இவ்வளவு உற்றுப் பார்த்து எழுதிவைத்தவர்கள் வேறு யார்? 1860இல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு நம் ஆட்களை ஏற்றிப்போன ட்ரூரோ கப்பலின் பட்டியலைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய வேலையாகத் தெரியும். அதிலும் பெயர், வயது, சாதி, உடல் அடையாளம் எல்லாம் உண்டு. அதே பேரரசு, அதே பழக்கம்.

'கான் 33' என்ற வரிசைதான் கெல்லி காலத்து ஆண் கைதிகளின் நடத்தைப் பதிவேடு. ஒரு கைதிக்கு ஒரு கட்டம். மேலே தண்டனை விவரம், சிறையிலிருந்து வந்த அறிக்கை. அதை அடுத்து ஒரு வரி, இதுதான் என்னைக் கட்டிப்போட்டது: தன் குற்றம் என்னவென்று கைதி தானே சொன்னதை எழுதும் இடம். நீதிமன்றம் சொன்னது ஏற்கெனவே ஏட்டில் இருக்கிறது. அது போதாதென்று அவனையே கேட்கிறார்கள். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்காக. சிலர் அங்கே யாரிடம் திருடினோம் என்று பெயரோடு சொல்கிறார்கள். சிலர் முன்பு பட்ட தண்டனைகளையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். வாய் திறந்து பேசியது பதிவான ஒரே இடம் அநேகமாக இதுதான்.

அதன் கீழே, தீவில் இருந்த காலத்தில் செய்த ஒவ்வொரு தவறும் தேதி போட்டு வரும். குடித்தது, வேலைக்கு வராதது, மேஸ்திரியிடம் எதிர்த்துப் பேசியது. பக்கத்திலேயே சவுக்கடி, தனிமைச் சிறை, கடின உழைப்பு என்று தண்டனை. சிலருடைய கட்டம் நிரம்பி ஓரத்திலெல்லாம் வழிகிறது. எழுத்து பொடிப் பொடியாக, பாதிக்கு மேல் சொற்சுருக்கங்கள். கண்ணைப் பிழிந்துகொண்டு படிக்க வேண்டும்.

கெல்லி வந்தபோது கைதிகளை நேராக வெள்ளைக்காரக் குடியேறிகளிடம் வேலைக்கு ஒப்படைக்கும் பழைய முறை முடிந்திருந்தது. முதலில் அரசுக் கூட்டத்தில் கல் உடைக்க, ரோடு போட வேண்டும். ஒழுங்காக இருந்தால் படிப்படியாகக் கூலி வேலைக்குப் போகலாம். 1845இல் கெல்லிக்கு டிக்கெட் ஆஃப் லீவ் கிடைத்தது. காவலில்லாமல் சொந்தமாகச் சம்பாதிக்கலாம், ஆனால் தீவைவிட்டு நகரக் கூடாது. 1848 ஜனவரியில் விடுதலைச் சான்றிதழ். தீர்ப்பு நாளிலிருந்து சரியாக ஏழு வருஷம் முடிந்த கையோடு.

இந்தத் தீவின் பெயரையே 1856இல் மாற்றிக்கொண்டார்கள், கைதி வாடை போகட்டும் என்று. தாத்தா கைதி என்பதைப் பல குடும்பங்கள் தலைமுறைகளாக வாயே திறக்காமல் மறைத்தன. இன்று என் பக்கத்து மேஜையில் ஓர் அம்மாவும் மகளும் தங்கள் மூதாதையின் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

மெல்பர்ன், புதன்

தங்கை வீட்டில் தங்கியிருக்கிறேன். சோறு, ரசம், நல்ல தூக்கம்.

விடுதலையான கெல்லி அதே 1848இல் கடல் கடந்து இங்கே வந்தார். 1852இல் மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா காலனி ஒரு சட்டம் போட்டு டாஸ்மேனியக் கைதிகள் உள்ளே வருவதைத் தடுக்கப் பார்த்தது. அதற்குள் அவர் வந்து சேர்ந்துவிட்டார். லான்ஸ்டேல் தெருவில் செயின்ட் பிரான்சிஸ் கோயில் இருக்கிறது. சுற்றிலும் கண்ணாடிக் கோபுரங்கள், நடுவில் இந்தச் சின்னக் கோயில். 1850 நவம்பர் 18 அன்று இங்கேதான் எலன் குவின் என்ற பெண்ணை அவர் கல்யாணம் செய்துகொண்டார். எலனும் அயர்லாந்துக்காரிதான், ஆன்ட்ரிம் பக்கம். அதே 1841இல் பெற்றோரோடு சுதந்திரமாகக் கப்பலேறி வந்தவர். பெண் வீட்டாருக்கு இஷ்டமில்லை என்று சொல்கிறார்கள். கைதியாக இருந்திருந்தால் கல்யாணத்துக்கு அரசாங்கத்திடம் அனுமதி கேட்டிருக்க வேண்டும். இப்போது மாமனார் ஒருவர்தான் தடை.

நான் போன நேரம் வேலை நாள் பூசை. ஆபீஸ்காரர்கள், வியட்நாமியர், மலையாளிகள் எல்லாம் முழங்காலிட்டிருந்தார்கள். பின்வரிசையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

மாலையில் மாநில நூலகம். நெட்டின் கவசம் அங்கேதான் இருக்கிறது. 1879இல் அவர் சொல்லச் சொல்லக் கூட்டாளி எழுதிய நீண்ட கடிதமும் இந்த நூலகத்துடையதுதான். ஐரிஷ் கைதிகள் வான் டீமன்ஸ் லேண்டில் இளமையைத் தொலைத்துப் பட்டினி கிடந்ததைப் பற்றி அதில் கொதிக்கிறார் மகன். அப்பா நடத்தைப் பதிவேட்டில் தேதியும் தண்டனையுமாக இருக்கிறார். அந்த வருஷங்களின் வலி ஒரு தலைமுறை தாண்டி மகன் வாயில் வந்திருக்கிறது.

அவெனெல், சனி

தங்கை வீட்டுக்காரர் கார் ஓட்டினார். "ஏன் மச்சான், ரெண்டு பன்னி திருடினவருக்காக உலகத்தையே சுத்திட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டார். "வாங்க மாப்பிள்ளை, வழியில சொல்றேன்" என்றேன். ஹியூம் நெடுஞ்சாலையில் வடக்கே முதலில் பெவரிட்ஜ். 1859இல் கெல்லி தன் கையாலேயே கட்டிய வீடு இன்னும் நிற்கிறது. பாரம்பரியச் சின்னம் என்று அரசு பாதுகாக்கிறது. ஐரிஷ் கிராமத்து வீட்டின் சாயல் அப்படியே. இந்தப் பக்கத்தில்தான் நெட் பிறந்தார். விக்டோரியாவில் 1853 ஜூலையிலிருந்து பிறப்புப் பதிவு கட்டாயம். ஆனாலும் நெட்டுக்குப் பிறப்புப் பதிவு கிடைக்கவில்லை. அப்பாவைப் புருவம்வரை எழுதிவைத்த பேரரசிடம் மகன் பிறந்த தேதி இல்லை.

1864இல் குடும்பம் அவெனெலுக்கு வந்தது. ஹியூஸ் ஓடையின்மேல் 1859இல் கட்டிய கல் பாலம் அழகாக இருக்கிறது. இந்த ஓடையில் மூழ்கிய ரிச்சர்ட் ஷெல்டன் என்ற சிறுவனை நெட் காப்பாற்றி, பச்சைப் பட்டுக் கச்சையைப் பரிசாகப் பெற்றான்.

1865 வறட்சி வருஷம். ஜான் கெல்லியின் வீட்டில், யாருடைய மாடு என்று காட்டும் சூட்டுக்குறியை வெட்டியெடுத்த கன்றுத் தோல் கிடைத்தது. திருட்டுக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. ஆனால் அந்தத் தோலை வைத்திருந்ததற்கு 25 பவுண்டு அபராதம், இல்லாவிட்டால் ஆறு மாதம். கட்ட முடியவில்லை, உள்ளே போனார். கூனியின் பன்றிகள் ஆறு பவுண்டுதான். வெளியே வந்தவர் தேறவில்லை. உடம்பில் நீர் கோத்து 1866 டிசம்பர் 27 அன்று இறந்தார். ஏழு பிள்ளைகள் மிச்சம். அவெனெல் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம்.

விக்டோரியாவின் இறப்புப் பதிவுப் படிவம் நிறையக் கேட்கும். இறந்தவர் எங்கே பிறந்தார், பெற்றோர் யார், எத்தனை வருஷமாகக் காலனியில் இருக்கிறார், யாரை மணந்தார், பிள்ளைகள் பெயரென்ன. ஜான் கெல்லிக்கு அந்தத் தகவலைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவன் சுமார் பதினொரு வயதுப் பையன். எட்வர்ட் கெல்லி, மகன். அதாவது நெட்.

காஷெலில் தொடங்கி நான் பார்த்த ஏடுகளில் பாதிக்கு மேல் அவரைப் பிடிக்கவும் அளக்கவும் எண்ணவும் எழுதியவை. அவர் வீட்டு ஆள் ஒருவர் அவரைப் பற்றிச் சொல்லி நான் கண்ட காகிதம் இதுதான். காரில் திரும்பும்போது மாப்பிள்ளையும் அதிகம் பேசவில்லை.

தேட விரும்புகிறவர்களுக்கு: டாஸ்மேனிய ஏடுகளின் படங்கள் இணையத்தில் இலவசம். பெயரைவிடக் கப்பல், வந்த வருஷம், விசாரணை நடந்த ஊர் ஆகியவற்றை முதலில் உறுதிசெய்யுங்கள். ஒரே பெயருள்ள கப்பல்களும் உண்டு. அதன்பின் நடத்தைப் பதிவேடு, அங்க அடையாளப் பட்டியல், வரவுப் பட்டியல் என்று மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். உறவினர் பெயரும் சொந்த ஊரும் பெரும்பாலும் வரவுப் பட்டியலில்தான் இருக்கும். அங்கிருந்து அயர்லாந்துப் பங்குக் கோயில் ஏட்டுக்குப் போகலாம்.